திடீர் சிறுநீரகச் செயலிழப்பு: எந்தச் சூத்திரத்தை நம்புவது?

ஐசியுவில் மருந்து டோஸ் போட நான் பல வருடம் கையில் வைத்திருந்தது 1976-இல் வந்த காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரம். ரத்தத்திலுள்ள கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) அளவை வைத்துச் சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று அது மதிப்பிடும். சிறுநீரகம் திடீரென்று செயலிழந்தவர்களுக்கு மட்டும் இப்போது கைனடிக் ஈஜிஎஃப்ஆருக்கு (கிரியாட்டினின் மாறும் வேகத்தையும் சேர்த்து வடிகட்டும் திறனை மதிப்பிடும் சூத்திரம்) மாறிவிட்டேன். இது ஷெல்டன் சென் 2013-இல் வெளியிட்டது.

எம்டிஆர்டி, சிகேடி-எபி என்ற வேறு இரண்டு சூத்திரங்களும் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கு நல்லவை. ஆனால் காக்ராஃப்ட்–கால்ட் போலவே அவையும் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறாமல் இறங்காமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகின்றன. திடீர்ச் செயலிழப்பில் அது நிற்பதே இல்லை. வடிகட்டுவது இன்று காலையே நின்றுபோனாலும் கிரியாட்டினின் சேர்ந்து உயர நாட்கள் ஆகும். என்னை மாற வைத்தது இந்தத் தாமதம்தான்.

60 வயது, 60 கிலோ எடையுள்ள ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். நேற்று கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 1.0 மில்லிகிராம், இன்று 2.0. காக்ராஃப்ட்–கால்ட் நிமிடத்துக்கு 33 மில்லி என்கிறது. ஒரே நாளில் இரண்டு மடங்கானதை அது பார்ப்பதே இல்லை. கைனடிக் முறை இரண்டு அளவுகளின் சராசரியோடு ஏறிய வேகத்தையும் சேர்க்கிறது. சிறுநீரகம் முழுதாக நின்றால் நாளொன்றுக்கு அதிகபட்ச ஏற்றம் 1.5 என்று வைத்தால் விடை 15-க்கும் சற்றுக் கீழே. சிறுநீரகம் வழியாக வெளியேறும் ஆன்டிபயாட்டிக்குகளான வான்கோமைசினோ ஜென்டாமைசினோ கொடுக்கும்போது 33-க்கும் 15-க்கும் உள்ள தூரம் பெரியது. அப்புறம், தேறும்போது இதுவே தலைகீழ். அதே ஆளுக்கு 4-இலிருந்து 3-க்கு ஒரு நாளில் இறங்கினால் பழைய சூத்திரம் 22 காட்டும், கைனடிக் கிட்டத்தட்ட 32. பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால் ஆன்டிபயாட்டிக்கைக் குறைத்துக் கொடுத்துவிடுவோம்.

சரி, இதிலும் ஓட்டை உண்டு. அந்த 1.5 ஓர் அனுமானம்தான். தசை வற்றியவருக்கு அவ்வளவு ஏறாது. லிட்டர் கணக்கில் திரவம் ஏற்றியவருக்குக் கிரியாட்டினின் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். நோய்க்கு முந்தைய கிரியாட்டினின் அளவு தெரியாமல் வருபவருக்குக் கணக்கின் அடித்தளமே ஊகமாகிவிடும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் இதைத் தொடுவதில்லை.

சிறுநீர்க் குழாய் போட்டவர்களுக்குச் சில மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து கிளியரன்ஸை (சிறுநீரகம் கிரியாட்டினினை வெளியேற்றும் வேகத்தை) நேரடியாக அளப்பதும் நல்ல வழி. நேரத்தைச் சரியாகக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். சிஸ்டாடின் சி என்ற ரத்தப் புரதத்தை நான் சிலருக்கு மட்டுமே பார்த்திருக்கிறேன். கிரியாட்டினினைவிட முந்தி ஏறும் என்றாலும் ஸ்டீராய்டு, தைராய்டு கோளாறு இரண்டும் அதைக் குழப்பும். அதனால் அதை வைத்து மட்டும் டோஸ் மாற்ற எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.