பகலுக்கு ஒரு ஸ்கோப், ராத்திரிக்கு ஒன்று: கழற்றி மாட்டும் மவுண்டுகளில் எது தேறும்?

டெக்சாஸில் ஒரே ரைஃபிளை வைத்துக்கொண்டு மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் போகிறவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடு. வெள்ளைவால் மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் பின்பு வரைதான் சுடலாம். பன்றிக்குச் சீசனும் இல்லை, நேரக் கணக்கும் இல்லை. 2019-லிருந்து, தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் லைசன்ஸ்கூட வேண்டாம். விதைத்த வயலை ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிடும் என்பதால் பண்ணைக்காரர்களே கூப்பிட்டு வரச் சொல்வார்கள்.

ஆக, பொழுது சாயும் வரை சாதாரண ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), இருட்டியதும் தெர்மல் (உடல் வெப்பத்தை வைத்து இருட்டில் காட்டும் ஸ்கோப்). இரண்டும் ரைஃபிளின் மேலுள்ள பள்ளம் வெட்டிய பட்டையான ஒரே ரயிலில் மாறி மாறி உட்கார வேண்டும், ஒவ்வொரு தடவையும் குறி பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஸ்கோப்பை ரயிலோடு பிடித்து வைக்கும் மவுண்டுக்குக் காசு கொடுப்பது அதற்காக மட்டுமே. அதைப் பூட்டித் திறக்கும் லீவர் எவ்வளவு ஸ்டைலாக மடங்குகிறது என்பதெல்லாம் கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது மயக்குகிற சமாச்சாரம்.

முதலில் ரயில். 1995-இல் அமெரிக்க ராணுவத் தரமான பிக்காட்டினி ரயிலில் குறுக்குப் பள்ளங்கள் 5.23 மி.மீ. அகலம், ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குச் சரியாக 10.01 மி.மீ. அதற்கு மூத்த வீவர் ரயிலில் பள்ளம் 4.57 மி.மீ. தான், இடைவெளிக்கும் ஒரே கணக்கு கிடையாது. அதனால் வீவர் மவுண்ட் பிக்காட்டினியில் இறங்கும், ஆனால் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பிக்காட்டினி மவுண்ட் வீவரில் இறங்கவே இறங்காது. மவுண்ட் நல்லதா கெட்டதா என்று பேசுவதற்கு முன்னால் கீழே இருப்பது எந்த ரயில் என்று பார்த்துவிடுங்கள்.

வெடிக்கும்போது ரைஃபிள் பின்னால் பாய்கிறது, ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. மவுண்டின் அடியில் உள்ள கட்டை, பள்ளத்தின் முன்சுவரில் போய் முட்டுகிறது. மாட்டும்போதே மவுண்டைக் குழல் பக்கமாக அழுத்தித் தள்ளிப் பிடித்துக்கொண்டு லீவரை மூடினால், முதல் தோட்டாவுக்கு முன்பே அது முட்ட வேண்டிய இடத்தில் முட்டி நிற்கும். அப்புறம், எப்போதும் அதே பள்ளம். பெயின்ட் பேனாவால் ரயிலில் ஒரு கோடு போட்டு வைத்தால் இருட்டில் தடவித் தேட வேண்டாம்.

இன்னொன்று தூசு. மவுண்டின் ஒரு முனைக்கு அடியில் 0.025 மி.மீ. அளவுக்கு, அதாவது தலைமுடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடிமனுக்கு, ஏதாவது மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். மவுண்டின் நீளம் 10 செ.மீ. என்றால் 100 கஜத்தில் தோட்டா ஏறக்குறைய 23 மி.மீ. தள்ளிப் போய் விழும். இது ஒரு எம்.ஓ.ஏ.-வுக்கு (ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு; 100 கஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம்) கொஞ்சம் குறைவு. ‘மவுண்ட் ஜீரோ பிடிக்கவில்லை’, அதாவது சரிசெய்து வைத்த குறி நிலைக்கவில்லை என்று வரும் புகார்களில் நல்ல பங்கு கைக்குட்டையால் துடைத்தால் போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

இனி பொருள்களுக்கு வருகிறேன். ஏ.ஆர்.-15 போன்ற, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்கு, ஸ்கோப் குழாயைக் கவ்வும் தனித்தனி ரிங் இரண்டு வாங்காதீர்கள். கண்ணுக்குச் சரியான தூரம் கிடைக்க ஸ்கோப்பை முன்னால் நீட்ட வேண்டியிருக்கும். முன் ரிங், குழலைச் சுற்றியுள்ள முன்கைப்பிடியின் ரயிலில் போய் உட்கார்ந்துவிடும், அது வளையக்கூடிய பாகம். முன்பக்கம் நீண்ட ஒரே துண்டு மவுண்ட்தான் இதற்கு வழி. இதில் மூன்றை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

லாரூ எஸ்.பி.ஆர். வருவது லியாண்டரிலிருந்து. ஆமாம், ஆஸ்டினுக்கு வடக்கே நம் ஆட்கள் வரிசையாக வீடு வாங்கிக்கொண்டிருக்கும் அதே லியாண்டர். லீவரின் இறுக்கத்தை நட்டைத் திருகி ரயிலுக்கு ஏற்ப வைக்க வேண்டும். ஒரு முறை வைத்துவிட்டால் அதைத் தொட வேண்டியதில்லை; மூடும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்த இறுகலான எதிர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அமெரிக்கன் டிஃபென்ஸ் ரீகான் மவுண்டிலும் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். கூடவே லீவரில் ஒரு பூட்டு உண்டு, அதை அமுக்காமல் லீவர் திறக்காது. முள்புதரில் நுழைந்து வருகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. போப்ரோ லீவர் ரயிலின் அளவுக்குத் தானே இறுகிக்கொள்ளும், நாம் எதையும் வைக்க வேண்டாம். இரண்டு மூன்று ரைஃபிள்களுக்கு நடுவே ஒரு ஸ்கோப்பைச் சுற்றில் விடுகிறவருக்கு இதுதான் வசதி.

சுட்டுப் பார்த்ததில் மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கழற்றி மாட்டிய பிறகு விழுந்த குழு (ஒரே குறிக்குச் சுட்ட தோட்டாத் துளைகள்), அதற்கு முன் விழுந்த குழுவின் மேலேயே விழுந்தது. ஏதாவது நகர்ந்திருந்தாலும் என் கை நடுக்கத்தில் அது மறைந்துபோகும். பூட்டுக்காக ரீகானைத் தெர்மலுக்கும், அந்தப் பிடிமானத்துக்காக லாரூவைப் பகல் ஸ்கோப்புக்கும் வைத்துக்கொண்டேன். ஒப்பிடுவதற்கென்றே நாற்பது டாலர் மவுண்ட் ஒன்றும் வாங்கினேன், பெயர் வேண்டாம். திறந்து மூட மூட லீவர் உரசும் இடத்தில் கறுப்புப் பூச்சு தேய்ந்து அலுமினியம் பளபளத்தது. அதோடு பிடியும் தளர்ந்தது, குழுவும் நகர ஆரம்பித்தது.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் போல்ட் ரைஃபிள் கதை வேறு. அதில் இரண்டு ரிங் போதும். வார்ன் மாக்ஸிமா, டாலி இரண்டும் எஃகில் வருகின்றன, இரண்டும் செங்குத்தாகப் பிளந்தவை. இடது பாதியும் வலது பாதியும் சேர்ந்து குழாயைக் கவ்வும். முதல் தடவை பூட்டும்போது மூன்றாவது கை ஒன்று வேண்டும் போலிருக்கும். ஆனால் இறுக்கும்போது ஸ்கோப் சுழலாது. மேலே மூடி போட்ட சாதாரண ரிங்கில் ஒரு பக்கத் திருகை முதலில் இறுக்கினால் குழாயும் சேர்ந்து உருண்டு, குறுக்குக் கம்பி சாய்ந்துவிடும். அங்கே மாற்றி மாற்றிக் கால் கால் சுற்றாக, இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கும்படி இறுக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து இறுக்கும் கருவி) எடுங்கள். 15 முதல் 18 இஞ்ச்-பவுண்டு வரைதான் வழக்கமாகச் சொல்லும் அளவு. அதற்கு மேல் முறுக்கினால் குழாயில் வளையத் தழும்பு விழும். வார்ன் தன் ரிங்குகளுக்குத் தனி அளவு சொல்லும், அதையே பின்பற்றுங்கள்.

ஸ்கோப்பைக் கழற்றி மாட்டும் இந்த ஆசை ஜெர்மனியில் ரொம்பப் பழையது. ஸூல் ஊரின் கொக்கி மவுண்டைத் துப்பாக்கிக் கொல்லர் கையால் அரம் போட்டு, அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே பொருத்தித் தருவார். இன்றைய பிளேசர் ரைஃபிளின் சேண மவுண்ட் அந்த வேலையை எந்திரத்திடம் விட்டுவிட்டது. அழகு, சந்தேகமில்லை. ஆனால் பிளேசர் துப்பாக்கியில் மட்டும்தான் உட்காரும்.

ஒரே ஸ்கோப்தான், அதையும் கழற்றப் போவதில்லை என்றால் லீவர் வேண்டாம். நல்ல சாதாரண மவுண்ட் வாங்கிக்கொண்டு மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பழகலாம். லீவர் வாங்குகிறவர்கள் அதை இடது பக்கம் வருமாறு மாட்டுங்கள். வலது பக்கம் காலித் தோட்டா வெளியே பறக்கும் வழி. இடதிலும் தோள்வார் சிக்கத்தான் செய்யும், மூடிய நிலையில் லீவரின் நுனி பின்னால் பார்த்திருந்தால் சிக்குவது குறையும்.