சொசைட்டியில் டெபாசிட் வைத்திருப்பவர்கள் உடனே பேரேட்டைப் பாருங்கள்: என் அம்மாவின் 4,75,000 ரூபாய்

கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் டெபாசிட் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதும் படியுங்கள். என் அம்மாவின் 4,75,000 ரூபாய் போய்விட்டது. ரசீது கையில் இருக்கிறது, பணம் கணக்கில் இல்லை. இன்று மதியமும் கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளர் அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

சங்கத்தின் பெயரை எழுதவில்லை. விசாரணை நடக்கும்போது பெயர் போட்டால் அதையே சாக்காக வைத்து இன்னும் இழுத்தடிப்பார்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில், ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். முன்பக்கம் அலுவலகம், பக்கத்தில் ரேஷன் கடை, பின்னால் உரக் கிடங்கு. கொங்குப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் இதே போல ஒரு கட்டடம் இருக்கும்.

பல ஆண்டுகள் மஞ்சளைக் கட்டுப்படியாகாத விலைக்குத்தான் கொடுத்தோம். 2023-இல் விலை ஏறியது. இருப்பு வைத்திருந்த விரலி மஞ்சளையும் கிழங்கு மஞ்சளையும் பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோய் விற்றோம். வெட்டுக்கூலி, வேகவைத்த கூலி, உரக்கடன் எல்லாம் கழித்து அம்மா கையில் நின்றது 4,75,000 ரூபாய். அப்பா போனபிறகு அம்மா தனியாகத் தோட்டத்தைப் பார்த்துச் சேர்த்த பணம். தங்கையின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கி வைத்தது.

சங்கத்துச் செயலாளர் பக்கத்து ஊர்க்காரர். எங்களுக்குப் பங்காளி வழியில் தூரத்துச் சொந்தமும் உண்டு. அம்மாவை அக்கா என்பார், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அப்பா இறந்தபோது மூன்றாம் நாள் வரை எங்கள் வாசலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர். அம்மா பயிர்க்கடனைக் கட்டப் போன அன்று அவரே பேச்சை எடுத்தார். "வீட்டில் இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குகிறீர்கள் அக்கா? இங்கே போடுங்கள். டவுன் வங்கியைவிட வட்டி கொஞ்சம் அதிகம். இது அரசாங்கத்துப் பெட்டி, ஒரு ரூபாய் எங்கேயும் போகாது. பாப்பா கல்யாணத்துக்கு நானே எடுத்துவந்து உங்கள் கையில் கொடுக்கிறேன்." சங்கத்தின் பெயர் அச்சிட்ட ரசீது, வரிசை எண், முத்திரை, கையெழுத்து எல்லாம் போட்டுக் கொடுத்தார். சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கொடுத்தார். அம்மா அதைத் தாலிக்கொடியோடு சேர்த்து பீரோவில் வைத்திருந்தார்.

இரண்டு வருட டெபாசிட் இந்த ஆவணியில் முதிர்ந்தது. அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைச்சல்.

முதலில் "மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியிலிருந்து நிதி வரட்டும் அக்கா" என்றார் செயலாளர். பிறகு கணக்கையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார். பிறகு தணிக்கை நடக்கிறது என்றார். பிறகு, அரசு பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்த வகையில் சங்கத்துக்கு வரவேண்டிய பணம் நிற்கிறது என்றார். இந்தக் கடைசிச் சாக்கில் ஓரளவு உண்மை இருப்பதால்தான் நாங்களும் பொறுத்துக்கொண்டோம். 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவித்தார்கள். அறிவிப்பு ஒரே நாளில் வந்தது. அந்தத் தொகை சங்கங்களுக்கு வந்தது தவணை தவணையாகத்தான். அதுவரை சங்கம் எதை வைத்து டெபாசிட்டைத் திருப்பிக் கொடுக்கும்? ஆனால் எங்கள் பணத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. ஒருநாள் அவருடைய தொலைபேசி அணைந்தது. அடுத்த வாரம் அவரைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள் என்று ரேஷன் கடையில் பேசிக்கொண்டார்கள்.

புதிதாக வந்த பொறுப்புச் செயலாளர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையை, அதாவது ரசீதைக் கிழித்துக் கொடுத்தபின் சங்கத்திலேயே நிற்கிற பாதியை, எடுத்துக் காட்டினார். எங்கள் ரசீதில் 4,75,000. அதே எண்ணுள்ள அடிக்கட்டையில் 75,000. முன்னால் இருந்த 4 இல்லை. சங்கத்தின் கணக்குப் புத்தகமான பேரேட்டிலும் 75,000தான். "ரசீது அசல்தானுங்க. ஆனால் பணம் சங்கத்துக்கு வரவில்லையேங்க" என்றார். அம்மா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி, கணக்கில் இருக்கிற அந்த 75,000 ரூபாயையாவது கொடுங்கள் என்றேன். விசாரணை முடியும்வரை அதையும் தொடமுடியாது என்றார். ஆக, மொத்தம் 4,75,000 ரூபாயும் முடங்கிவிட்டது.

மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக் கிளைக்குப் போனேன். "சங்கம் எங்களிடம் கடன் வாங்குகிறது, அவ்வளவுதான். அவர்கள் வாங்கிய டெபாசிட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார் மேலாளர். காவல் நிலையத்தில் மனுவையே வாங்கவில்லை. கூட்டுறவு மோசடியென்றால் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால், துறையிலிருந்து புகார் வந்தால்தான் வழக்குப் பதிவோம் என்றார்கள். துறையென்றால் துணைப் பதிவாளர். அவர் அலுவலகத்தில் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: "81 விசாரணை முடியட்டும்." அதாவது 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் நடக்கிற விசாரணை. அது முடிந்தால் 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வை போடுவார்களாம். அதாவது, தவறு செய்தவரிடமிருந்து இழப்பை வசூலிக்க உத்தரவு. எப்போது முடியும் என்று கேட்டால் இன்று அந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எல்லாரும் இதையே கேட்கிறீர்கள்" என்றார். எல்லாரும் என்றால் எத்தனை பேர்? அதற்கும் பதில் இல்லை.

தங்கையின் கல்யாணம் தை மாதம். மண்டபத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டிக்கு வெளியே வாங்கியிருக்கிறோம். கந்துவட்டிக்காரனிடமிருந்து விவசாயியைக் காப்பாற்றத்தான் 1904-இல் சட்டம் போட்டுக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைத் தொடங்கினார்கள். அந்தச் சங்கத்தில் பணத்தைப் போட்டதால் என் அம்மா வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார்.

எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை, இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வங்கி திவாலானாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் டெபாசிட் காப்பீடு 2020-இலிருந்து இருக்கிறதல்லவா? அது மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கு உண்டு, நகரக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு. ஊரில் இருக்கிற தொடக்கச் சங்கத்துக்குக் கிடையாது. ரிசர்வ் வங்கியின் பிடியும் அதன்மேல் இல்லை. டெபாசிட் வாங்குகிறபோது இதை எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. சங்கத்துச் சுவரில் எழுதியும் வைக்கவில்லை.

அதே கட்டடத்தில் இருக்கிற ரேஷன் கடையில் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினால் அம்மாவின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. பக்கத்து அறையில் 4,75,000 ரூபாய் கட்டியதற்கு ஒரு வரிகூட வரவில்லை. அன்று அந்தக் குறுஞ்செய்தி மட்டும் வந்திருந்தால் 75,000 என்ற எண்ணை நாங்கள் அன்றே பார்த்திருப்போம். சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் 2,516 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. எங்கள் சங்கத்தில் கணினி இருக்கிறது, ரசீது மட்டும் கையால் எழுதியது. ஆண்டுதோறும் தணிக்கை நடந்ததாகவும் சொல்கிறார்கள். தணிக்கைக்கு வந்தவர் அடிக்கட்டையைப் பார்த்திருக்கிறார், பேரேட்டைப் பார்த்திருக்கிறார், இரண்டும் ஒத்துப்போயிருக்கின்றன. டெபாசிட் போட்டவர்களில் நாலு பேர் வீட்டுக்கு வந்து ரசீதைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். 2018-இல் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுக்களின் காலம் 2023-இல் முடிந்தது. அதன்பின் அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த செயலாட்சியர்தான். எங்கள் சங்கத்தைப் பார்க்கிற செயலாட்சியர் பல சங்கங்களைச் சேர்த்துப் பார்க்கிறவர், அவர் முகத்தை ஊரில் பார்த்தவர்கள் குறைவு. ஒரே ஆள் பணத்தை வாங்கி, ரசீது எழுதி, பேரேட்டிலும் பதிந்திருக்கிறார்.

கூட்டுறவுக் கடன் சங்கங்களைச் சீர்செய்ய மத்திய அரசு 2004-இல் அமைத்த வைத்தியநாதன் குழுவே முறையான தணிக்கை வேண்டும், சங்கத்தை உறுப்பினர்கள் நடத்த வேண்டும், அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. கூட்டுறவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னிமலையில் போர்வை நெய்கிற குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது கூட்டுறவுதான். எங்களுக்கும் பயிர்க்கடனை வேறு எவனும் இந்த வட்டிக்குக் கொடுக்க மாட்டான். அதனால்தான் வயிறு எரிகிறது. சரியாகக் கட்டினால் வட்டியில்லாப் பயிர்க்கடன் கொடுக்கிற சங்கம், அதே விவசாயி போட்ட பணத்துக்குக் காவல் வைக்காதா?

இனி உங்களுக்கு. ரசீது வைத்திருக்கிறவர்கள் நாளைக்கே போய்ப் பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரே இருக்கிற தொகையை உங்கள் கண்ணால் பாருங்கள். காட்ட மறுத்தால் அங்கேயே எழுத்தில் கேளுங்கள். பெரிய தொகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகச் சங்கக் கணக்குக்கு அனுப்புங்கள். கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு என்று வைத்த பணத்தைக் காப்பீடு இருக்கிற இடத்தில் போடுங்கள். அசல் ரசீதை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். எங்களிடமும் "விசாரணைக்கு வேண்டும், அசலை வைத்துவிட்டுப் போங்கள்" என்று கேட்டார்கள், கொடுக்கவில்லை. துறை விசாரணை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின்மேல் உறுப்பினர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று தமிழ்நாட்டுச் சங்கம் ஒன்றின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. நாங்கள் அந்த மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

இதற்கு மேல் எழுத இப்போது முடியவில்லை. கீழ்பவானிப் பக்கம் இதே போல ரசீது ஒரு தொகை, அடிக்கட்டை ஒரு தொகை என்று மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் திங்கட்கிழமை ஈரோடு கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்துக்கு ரசீது நகலோடு வாருங்கள். அம்மாவும் நானும் காலையிலேயே அங்கே இருப்போம். தனித்தனியாகப் போனால் "விசாரணை முடியட்டும்" என்றுதான் சொல்வார்கள்.