மூடி வைத்த லேப்டாப் பைக்குள் சுடுகிறதா? உடனே பேட்டரி மாற்றிவிடாதீர்கள்

எங்கள் ஏரியாவில் உள்ள ஒரு சர்வீஸ் கடையில் விண்டோஸ் புதிதாகப் போடக் கொடுத்தேன். திரும்பி வந்ததிலிருந்து லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. ராத்திரி முழு சார்ஜில் மூடினால் காலையில் உயிரே இல்லை.

கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பேட்டரி போயிடுச்சு சார்" என்று 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றினார். சூடு குறையவில்லை. "அப்ப மதர்போர்டுதான் சார்" என்றார். பழைய பேட்டரியைக் கேட்டால், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

பேட்டரியிலும் போர்டிலும் ஒரு கோளாறும் இல்லை. சிஸ்டம் தூங்கப் போகும்போது அதை ஒவ்வொரு டிரைவருக்கும் (வைஃபை போன்ற ஒரு சாதனத்தை இயக்கும் மென்பொருள்) முன்கூட்டியே சொல்லும். டிரைவர் தன் சாதனத்தின் நிலையைச் சேமித்துக்கொண்டு, டி0 என்ற முழு இயக்கத்திலிருந்து டி3 என்ற அணைந்த நிலைக்கு இறக்கிவிட வேண்டும். விண்டோஸோடு வரும் இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் பெரும்பாலான பாகங்களுக்கு மின்சாரத்தையே நிறுத்தும் பழைய எஸ்3 தூக்கமே கிடையாது. மாடர்ன் ஸ்டாண்ட்பைதான். அதில் திரை அணையும், சிஸ்டம் எஸ்0 என்ற விழிப்பு நிலையிலேயே இருக்கும். ஏதாவது ஒரு சாதனம் கீழே இறங்காவிட்டாலும் சிப் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாது. பைக்குள் காற்றோட்டமும் இல்லாமல் சூடு ஏறும். என் லேப்டாப்பில் அப்படி இறங்காமல் நின்றது வைஃபை. கடைக்காரர் ஏதோ டிரைவர் பேக்கிலிருந்து பொருந்தாத டிரைவரைப் போட்டிருந்தார். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் என் மாடலுக்கு உரிய டிரைவரை எடுத்துப் போட்டதும் சூடு நின்றது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவில்லை. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ஸ்லீப்ஸ்டடி' கட்டளையை ஆங்கிலத்தில் (powercfg /sleepstudy) அடியுங்கள். ஒவ்வொரு தூக்கத்திலும் எவ்வளவு சார்ஜ் இறங்கியது, எந்தச் சாதனம் விழித்திருந்தது என்று அறிக்கை வரும். அதே இடத்தில் 'பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்' (powercfg /batteryreport) போட்டால் பேட்டரியின் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் தெரியும். கடைக்காரர் 'போயிடுச்சு' என்ற பழைய பேட்டரியின் கணக்கும் அதில் பதிவாகியிருந்தது. ஏறக்குறையப் புதுசு! நல்ல பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு காசும் வாங்கியிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

அறிக்கையைக் காட்டியும் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இந்த இரண்டு அறிக்கைகளையும் எடுத்து போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பாகம் கைக்கு வந்த பிறகு பில்லுக்குப் பணம் கொடுங்கள்.