எஃப்-150இல் டிரெய்லர் இழுக்க: மேக்ஸ் டோ, ஹெவி டியூட்டி பேலோடு, அல்லது நேரே எஃப்-250?

ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்கின் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது இழுவைத் திறன். 2021 மாடலில், 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் இன்ஜினோடு அதிகபட்சம் 14,000 பவுண்டு, ஏறக்குறைய 6,350 கிலோ. அமெரிக்காவில் குடும்பத்தோடு கேம்பிங் டிரெய்லர் இழுப்பவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணை எட்டுவதே இல்லை. அதற்கு வெகு முன்பே பேலோடு, அதாவது டிரக் தன்மேல் தாங்கக்கூடிய எடை, தீர்ந்துவிடுகிறது.

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரை டிரக்கில் மாட்டும் இணைப்பான ஹிட்ச் வழியாக டிரக்கின்மேல் உட்காரும். மாட்டு வண்டியில் முன்பாரம் என்போமே, அதேதான். அதைக் குறைத்து ஏற்றினால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். அதனால் அதில் கை வைக்கக் கூடாது.

சாமான் ஏற்றிய 8,000 பவுண்டு டிரெய்லர் என்று வைத்துக்கொள்வோம். ஹிட்ச்சில் 13 சதவீதம், 1,040 பவுண்டு. எடையைப் பரப்பும் ஹிட்ச் 100. ஆட்கள் நான்கு பேர் 600. பின்தொட்டியில் விறகு, ஜெனரேட்டர் என்று 200. ஆக 1,940 பவுண்டு. இப்போது ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் பேலோடு ஸ்டிக்கரைப் படியுங்கள். நான்கு கதவும் சன்ரூஃபும் வைத்த சொகுசு எஃப்-150களில் பலவற்றில் 1,400 அல்லது 1,600 என்றுதான் இருக்கும். ஒவ்வொரு சொகுசும் தன் எடையை அந்த எண்ணிலிருந்து கழித்துக்கொள்கிறது.

மேக்ஸ் டோ என்பது அதிக எடை இழுக்க ஃபோர்டு கூடுதலாக விற்கும் பேக்கேஜ். அது இழுப்பதற்குத்தான் உதவும். பேலோடு அதில் இந்தக் குடும்பத்துக்குப் போதுமான அளவு ஏறாது. சிறிய, 5,000 பவுண்டு டிரெய்லருக்கு அது தாராளம். அதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

அதிக சுமை தாங்குவதற்கான ஹெவி டியூட்டி பேலோடு பேக்கேஜ் வண்டியின் அடிப்பகுதியையே மாற்றியது: கெட்டியான பின் ஸ்பிரிங், பலமான பின் ஆக்ஸில், சரக்கு டிரக்குகளுக்கான தடித்த எல்டி வகை டயர். 2014 வரை வந்த வண்டிகளில் இந்தப் பேக்கேஜுக்கு வழக்கமான ஆறுக்குப் பதில் ஏழு நட் கொண்ட சக்கரமே தனியாக வந்தது. 2021இல் வி8 இன்ஜின், ஒற்றை கேபின், நீளத் தொட்டி என்ற வடிவில் இதன் உச்சம் 3,325 பவுண்டு. நான்கு கதவு வண்டியில் அவ்வளவு வராது, ஆனால் 2,000ஐத் தாண்டும். மேலே போட்ட கணக்குக்கு அது போதும். தொல்லைகளும் உண்டு. சுமையில்லாமல் ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும். உயர்ந்த சொகுசு ரகங்களில் இந்தப் பேக்கேஜ் கிடைக்கவில்லை. ஷோரூமில் தயாராக நின்றதும் அரிது. தொழிற்சாலைக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பேக்கேஜ் உள்ள வண்டி கிடைக்கும்வரை நான் காத்திருக்கவே சொல்வேன். பிறகு பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக், அதாவது காற்றுப் பை, மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஏர்பேக் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான். ஸ்டிக்கரில் அச்சிட்ட எண் அதனால் ஒரு பவுண்டுகூட ஏறாது.

அடுத்த பெரிய டிரக்கான எஃப்-250 எப்போதும் ஹெவி டியூட்டி எஃப்-150ஐவிட அதிகம் தாங்கும் என்பதும் தவறு. பல எஃப்-250களில் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 10,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். டீசல் இன்ஜின் பல நூறு பவுண்டு கூடுதல் எடை. அதனால் நான்கு கதவு டீசல் எஃப்-250 சிலவற்றின் ஸ்டிக்கரும் ஹெவி டியூட்டி எஃப்-150இன் ஸ்டிக்கரும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும். பெட்ரோல் எஃப்-250 தெளிவாக மேலே நிற்கும். டீசலின் பலம் மலையேற்றத்திலும் இறக்கத்தில் இன்ஜின் பிரேக் பிடிப்பதிலும்தான் தெரியும்.

தொட்டிக்குள்ளேயே ஹிட்ச் பொருத்தும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் என்றால் எஃப்-150ஐ மறந்துவிடுங்கள். அதில் சுமார் 20 சதவீதம் டிரக்கின்மேல் வரும். 10,000 பவுண்டு டிரெய்லருக்கு அதுவே 2,000. ஆட்களும் ஹிட்ச்சும் சேர்ந்தால் 2,700ஐத் தாண்டும். அங்கே பெட்ரோல் எஃப்-250, அல்லது ஒரு படி மேலே எஃப்-350.

எதை எடுத்தாலும், முன்பணம் கொடுக்கும் முன் அதே வண்டியின் கதவு ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில், டிரெய்லரை மாட்டி ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப் எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஆகியவற்றின் எடையைத் தனித்தனியாக அச்சிட்டுக் கொடுப்பார்கள்.