புத்தகம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவு 10 மணிக்கு மேல் கதை. 11 வருடமாக இதே ஓட்டம். பத்திரிகைகளுக்கு அனுப்பியதில் பாதி திரும்பி வந்தது, மீதிக்குப் பதிலே இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு சிற்றிதழ் போட்ட கார்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்த இதழ்தான் இப்போது இல்லை.

2023 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் அழைத்தார். முகநூலில் நான் போட்ட கதையைப் படித்தாராம். நிஜமாகவே படித்திருந்தார், அதில் வரும் தறிக்காரரின் பெயரைச் சொன்னார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். என் கதையில் வரும் ஓர் ஆளின் பெயரை இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

14 கதை, 8 ஃபாரம், அதாவது 128 பக்கம். 500 பிரதிக்கு 45,000 ரூபாய். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) 3,500, வெளியீட்டு விழாவுக்கு 8,000. நந்தனம் புத்தகக் காட்சியில் விற்பனை, நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்கு வாங்குவது, உறுதி. நான் இழுத்தபோது, "பாரதியாரே கடன் கேட்டுத்தானே சார் புத்தகம் போடப் பார்த்தார்" என்றார். அது உண்மைதான். 1920-ல் கடையத்திலிருந்து, 40 புத்தகம், ஒவ்வொன்றும் 10,000 பிரதி என்று கணக்குப் போட்டுக் கடன் கேட்டு எழுதினார். திட்டம் நிறைவேறவில்லை, மறு வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பின்பாதி எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துப் பணத்தைக் கட்டினேன்.

அச்சுக்கு முன் பிழை திருத்த மெய்ப்பு வந்தது. எழுத்துரு மாற்றியதில் 'ஸ்ரீ' வரும் இடமெல்லாம் வெறும் கட்டம். ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். டிசம்பரில் 100 பிரதி பார்சலில் வந்தது, அத்தனை கட்டமும் அப்படியே இருந்தன. அம்மா புத்தகத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உம் பேரு எங்க கண்ணு?" என்று கேட்டார். புத்தகத்தின் முதுகில் பதிப்பகத்தின் சின்னம் மட்டும்தான். முன்னட்டையில் மூலையில் இருந்ததைக் காட்டினேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசிக் கதை பாதியில் நின்றிருந்தது. தட்டச்சில் 131 பக்கம் வந்திருக்கிறது. எஸ்டிமேட் 8 ஃபாரம்தானே? மூன்று பக்கத்தைக் கழற்றிவிட்டார்கள். வெளியீட்டு விழாவில் பேசியவர், "முடிவை வாசகரிடமே விட்டுவிட்டார் ஆசிரியர்" என்று பாராட்டினார். நான் மேடையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரியில் நந்தனம் போனேன். பதிப்பாளர் சொன்ன அரங்கில் என் புத்தகம் மேஜைக்கு அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. உள்பக்கத்தில் அச்சகத்தின் முகவரி இருந்ததால் அப்படியே ராயப்பேட்டை போய் விசாரித்தேன். அச்சகக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "120 காப்பிதாங்க. டிஜிட்டல்ல போட்டது" என்றார். 500-க்குப் பணம் வாங்கியிருக்கிறார்களே என்றேன். அவர் டீ சொன்னார்.

ஐஎஸ்பிஎன் எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். என்னிடம் வாங்கிய 3,500 எதற்கு என்று கேட்டால் பதிப்பாளர் 'சர்வீஸ் சார்ஜ்' என்கிறார். நூலக ஆணையும் அப்படித்தான். நூல்களைத் தேர்வு செய்வது அரசு, எந்தப் பதிப்பாளரும் அதை உறுதி என்று சொல்ல முடியாது.

ஒப்பந்தம் ஒரே தாள். பதிப்புரிமை அவர்களுக்கு என்று ஒரு வரி இருந்ததைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன் (நாளெல்லாம் பில்லைச் சரிபார்க்கிறவன்!). எத்தனை வருடம் என்று அதில் இல்லை. வக்கீல் நண்பர் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்று எடுத்துக்கொள்வார்களாம். ஆக, என் 14 கதையும் 2028 வரை அந்த ஆளிடம்.

கைக்காசு போட்டுப் புத்தகம் அடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அடிக்கிற இடத்துக்கு நேராகப் போயிருந்தால் எனக்கு இதில் பாதிகூட ஆகியிருக்காது. யாராவது போன் செய்தால் அச்சகத்தின் பெயரைக் கேளுங்கள், பிரதிக் கணக்கை அங்கேயே போய்ப் பாருங்கள், பணத்தை அச்சானதைப் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்கிறார்களே என்று உருகாதீர்கள்.

என்னிடம் 60 பிரதி மிச்சம் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குக் கடைசி மூன்று பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து உள்ளே வைத்துத் தருகிறேன். ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தபாலில் அனுப்பிவிடுகிறேன். அந்தத் தறிக்காரர் கடைசியில் வீடு வந்து சேர்ந்துவிடுகிறார்.