எக்கினேசியா: ஊதாவா, ஆரஞ்சா? உங்கள் வெயிலைப் பார்த்து முடிவெடுங்கள்

விதைப் பொட்டலத்தில் பளீரென்று இருந்த ஆரஞ்சு, பாத்தியில் சாயம் போன துணி மாதிரி வெளிறி நிற்கிறது என்றால் விதையைக் குறை சொல்ல வேண்டாம். எக்கினேசியா சாமந்திக் குடும்பத்துப் பூச்செடி; பூவின் நடுவில் கூம்பு, சுற்றி இதழ்கள். அதன் நிறம் இரண்டு நிறமிகளின் கணக்கு. ஊதாவும் இளஞ்சிவப்பும் ஆந்தோசயனினால் வருபவை. மஞ்சள் கரோட்டினாய்டால் வருவது. ஆரஞ்சு, செங்கல் சிவப்பு எல்லாம் இரண்டும் கலந்த கலப்பினங்கள். ஆந்தோசயனின் நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் நிறைய உருவாகும். இரவிலும் வெக்கை தணியாத இடத்தில் உற்பத்தி குறையும், உருவானதும் சீக்கிரம் சிதையும். ஹைட்ரேஞ்சியாவுக்குச் செய்வது போல மண்ணின் அமிலத்தன்மையை மாற்றி இதன் நிறத்தைத் திருப்ப முடியாது. அதற்கென்று விற்கப்படும் பொடிகள் வீண் செலவு.

ஊதா வகைகளில் முதலில் ஒப்பிட வேண்டியவை மேக்னஸ், பவ்வாவ் வைல்ட் பெர்ரி இரண்டும். மேக்னஸ் சுமார் 90 செ.மீ. வளரும், இதழ்கள் தொங்காமல் கிடையாக விரிந்து நிற்கும், 1998-இல் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடி என்ற அமெரிக்க விருதைப் பெற்றது. வைல்ட் பெர்ரி 50 முதல் 60 செ.மீ. உயரமே, கிளைகள் அதிகம், சீக்கிரம் விதைத்தால் முதல் ஆண்டிலேயே பூக்கும். வெயில் கடுமையான இடத்துக்கு வைல்ட் பெர்ரிதான் நல்லது. அதன் நிறம் தொடக்கத்திலேயே அடர்த்தி என்பதால், கொஞ்சம் வெளிறினாலும் ஊதாவாகத்தான் தெரியும். மேக்னஸ் அதே வெயிலில் மங்கிய ரோஜா நிறத்துக்கு இறங்கிவிடும். குளிர்ப் பகுதியில் இந்தக் கணக்கு தலைகீழ்: அங்கே மேக்னஸின் உயரமும் பெரிய பூவும் முந்திக்கொள்ளும்.

ஆரஞ்சு, சிவப்பு விரும்புவோருக்கு விதையிலிருந்து வரும் எளிய வழி சேயென் ஸ்பிரிட். ஒரே பொட்டலத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், கிரீம், வெள்ளை, ஊதா எல்லாம் கலந்து வரும். எந்தச் செடி எந்த நிறம் என்பது பூத்தால்தான் தெரியும். ஆகவே நேரே பாத்தியில் நடாமல் தொட்டியில் வளர்த்து, முதல் பூவைப் பார்த்துப் பிரித்து நடுங்கள். ஆரஞ்சுப் பூ முதிரும்போது பீச் நிறத்துக்கோ மங்கிய இளஞ்சிவப்புக்கோ மாறுவது அதன் இயல்பு. வெக்கை அதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். காலை வெயில் நன்றாகப் பட்டு, பிற்பகல் 2 மணிக்கு மேல் நிழல் விழும் இடம் அமைந்தால் நிறம் கூடுதல் நாள் நிற்கும். முழு நிழல் கூடாது. 6 மணி நேர வெயிலுக்குக் குறைந்தால் தண்டு நீண்டு சாயும்.

இந்தக் கலப்பினங்களிடம் இன்னொரு பலவீனம் உண்டு: முதல் ஆண்டில் பூத்துத் தள்ளிவிட்டு, அடுத்த ஆண்டு முளைக்காமலே போய்விடும். முதல் பருவத்தில் மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் அடிக்கட்டை தடிக்கும், செடி குளிர்காலத்தைத் தாண்டும். கிள்ள மனம் வராது. கிள்ளித்தான் ஆக வேண்டும்.

வெள்ளைக்கு ஒயிட் ஸ்வான். வெளிறுவதற்கு நிறமே இல்லாததால் வெக்கையில் ஏமாற்றாத தேர்வு. ஆனால் இதழ் நுனி கருகினால் வெள்ளையில்தான் பளிச்சென்று தெரியும். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், பூவில் தெளிக்காதீர்கள்.

தூய மஞ்சள் வேண்டுமென்றால் பாரடாக்ஸா என்ற எக்கினேசியா இனம். ஊதாக் குடும்பத்தில் மஞ்சளாகப் பூப்பதால்தான் ‘முரண்’ என்று பொருள்படும் அந்தப் பெயர். விதையை ஈரமணலில் கலந்து 4 டிகிரியில் 8 முதல் 12 வாரம் குளிரூட்டாமல் முளைக்க வைப்பது கடினம். ஆணிவேர் என்பதால் இடம் மாற்றினால் முகம் சுளிக்கும். மேக்னஸ், வைல்ட் பெர்ரி போன்ற பர்பூரியா (ஊதா எக்கினேசியா இனம்) வகைகளுக்குச் சல்லிவேர்; அவை இடமாற்றத்தைப் பொறுக்கும். குளிர்காலமே இல்லாத ஊருக்குப் பாரடாக்ஸா வேண்டாம்.

பர்பூரியா விதையை 3 முதல் 5 மி.மீ. ஆழத்தில் போட்டு 21 முதல் 24 டிகிரியில் வைத்தால் 10 முதல் 20 நாளில் முளைக்கும். இடைவெளி 45 செ.மீ.; மண்ணின் பி.எச். 6 முதல் 7. களிமண் என்றால் 15 செ.மீ. உயர மேட்டுப்பாத்தி போடுங்கள். தண்டும் வேரும் சேரும் இடம் மண்மட்டத்திலேயே இருக்கட்டும். புதைந்தாலும் மூடாக்கு அதன் மேல் குவிந்தாலும் அழுகும். வறட்சியை விட, குளிர்கால ஈரம்தான் இந்தச் செடியை அதிகம் கொல்கிறது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை கொழுக்கும், தண்டு படுத்துவிடும்.

இலைக்கொத்தாகவே நின்று பூக்காத செடிக்கு உரம் காரணமல்ல. பர்பூரியா பூக்க ஏறக்குறைய 13 முதல் 15 மணி நேரப் பகல் தேவை. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் பகல் அவ்வளவு நீளாது. மாலையில் விளக்கு போட்டு 14 மணி நேரமாக்கினால் மொட்டு வரும்.

கிரீன் ஜுவல் போன்ற பச்சைப் பூ வகைகள் கடும் வெயிலில் வெளிறக்கூடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் அவற்றுக்குச் சரி. ஊதா நட்ட இடத்தில் திடீரென்று பச்சைப் பூ வந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூம்பிலிருந்து இலைக்கொத்து முளைத்து, செடி முழுக்க மஞ்சளடித்துக் குன்றியிருந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் ஆஸ்டர் மஞ்சள் நோய். மருந்து கிடையாது, வேரோடு பிடுங்கி அகற்ற வேண்டும். இலைகள் நலமாக இருந்து கூம்பின் மேல் மட்டும் குஞ்சம் முளைத்திருந்தால் அது பூவுக்குள் ஒளியும் நுண்சிலந்தியின் வேலை. அந்தப் பூக்களை நறுக்கிப் பையில் கட்டி அகற்றினால் போதும், செடியைப் பிடுங்க வேண்டியதில்லை.