அசூஸ் ஆர்டி-ஏஎக்ஸ்88யூ: ஆன்டெனாவுக்காக வாங்கலாம், எம்யு-மைமோவுக்காக வேண்டாம்

2018-ல் அறிமுகமான வைஃபை 6 ரவுட்டர் இது. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டிலும் நான்கு ஆன்டெனா, எட்டு லேன் போர்ட், 1 ஜிபி ரேம். இன்றும் செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் உண்டு. அவர்களில் பலரை இழுப்பது எம்யு-மைமோ என்ற பெயர்தான்: ஒரே சேனலில், ஒரே நொடியில், வீட்டின் வெவ்வேறு மூலையில் இருக்கும் கருவிகளுக்குத் தனித்தனி டேட்டா.

நடப்பது இதுதான். ரவுட்டர் முதலில் ஓர் அளவீட்டுச் சிக்னலை அனுப்புகிறது. அது தன்னிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று ஒவ்வொரு போனும் அறிக்கை தருகிறது. அதை வைத்து நான்கு ஆன்டெனாவின் அலைகளையும் முன்பின் தள்ளி, ஒரு போனுக்கான டேட்டா அடுத்த போன் இருக்கும் இடத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும்படி ரவுட்டர் அனுப்புகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டின் 36-ஆம் சேனலில் அலைநீளம் சுமார் 5.8 செ.மீ. அதில் கால்வாசி, அதாவது ஒன்றரை செ.மீ. போனை நகர்த்தினாலே பழைய அறிக்கை பொய்யாகத் தொடங்கும். கையில் போனோடு நடப்பவருக்கு இது உதவாது.

கணக்கும் இடிக்கிறது. இன்றைய நல்ல போன்கள் இரண்டு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் செல்லும் தனித்தனி டேட்டா ஓட்டம்) கொண்டவை. இரண்டு போன் சேர்ந்தால் நான்கு ஸ்ட்ரீமும் தீர்ந்தது. அழிப்பதில் சிறு பிசகு வந்தாலும் ஈடுகட்ட உபரி ஆன்டெனா இல்லை. ஒலிபரப்புத் திறனும் இருவருக்குமாகப் பிரிவதால் ஆளுக்கு 3 டெசிபல், அதாவது பாதியாக, குறைகிறது. அளவீட்டுக்குப் போகும் நேரத்தையும் கழித்தால், முறை வைத்து அனுப்புவதே பல நேரம் சமமாகவோ மேலாகவோ இருக்கும். பலன் தெரிவது ஒற்றை ஸ்ட்ரீம் கருவிகள் மூன்று, ரவுட்டரைச் சுற்றி வெவ்வேறு திசையில், வலுவான சிக்னலோடு அசையாமல் இருக்கும்போது. கருவியிலும் எம்யு-மைமோ இருக்க வேண்டும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த பழைய கேமரா, பல்புகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

சோதிக்க விரும்பினால்: சேனல் 36, அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்துங்கள். ரவுட்டரிலிருந்து 3 முதல் 5 மீட்டரில், எதிரெதிர் திசையில் இரண்டு லேப்டாப். வேகம் அளக்கும் மென்பொருளான ஐபெர்ஃப் 3-ல் முதலில் தனித்தனியே, பிறகு சேர்த்து, தலா 60 நொடி ஓட்டுங்கள். எம்யு-மைமோவை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டி, இரண்டு முறையும் வந்த கூட்டுத்தொகையை ஒப்பிடுங்கள். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: சர்வராக ஒரே கணினியை வைத்தால் கிகாபிட் கேபிள் சுமார் 940 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றுவிடும், அளப்பது வைஃபையை அல்ல, கேபிளைத்தான். இரண்டு லேன் போர்ட்டில் இரண்டு கணினி வையுங்கள்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எம்யு-மைமோ செய்யும் இந்தப் பங்கீடு உங்கள் ரவுட்டருக்கும் அதோடு இணைந்த கருவிகளுக்கும் இடையில் மட்டுமே. பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனலில் பேசுவது −82 டிபிஎம் என்ற மிக மெல்லிய அளவில் காதில் விழுந்தாலே உங்கள் ரவுட்டர் வாயை மூடிக் காத்திருக்கும். அங்கே கைகொடுப்பது வேறு சேனல், குறைந்த அகலம், குறைத்த ஒலிபரப்புத் திறன். 160 மெகாஹெர்ட்ஸைத் தொடவே வேண்டாம். அவ்வளவு அகலத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸில் இடமும் குறைவு, அதே அலைவரிசையில் இயங்கும் ரேடார் தென்பட்டால் சேனலை விட்டு விலகவும் வேண்டும்.

அப்படியானால் நான்கு ஆன்டெனா வீணா? இல்லவே இல்லை. ஒரே போனோடு பேசும்போது இரண்டு ஆன்டெனா ரவுட்டரைவிட 3 டெசிபல் வரை கூடுதல் கிடைக்கும், போன் அனுப்புவதைக் கேட்கும்போதும் அப்படியே. கடைசி அறையில் வீடியோ கால் அறுபடாமல் இருப்பது இதனால்தான். ஆகவே அலைகளை ஒரு கருவியை நோக்கிக் குவிக்கும் வசதியான 802.11ஏஎக்ஸ்/ஏசி பீம்ஃபார்மிங் இயக்கத்திலேயே இருக்கட்டும். பழைய கருவிகளுக்கான யுனிவர்சல் பீம்ஃபார்மிங், இணைப்பு அடிக்கடி அறுந்தால் முதலில் அணைத்துப் பார்க்க வேண்டிய பொத்தான்.